ஆனி மழையில் கழற்றிய கூரை

பம்பாய் செம்பூரில் நான் தனிக்கட்டையாக இருந்த காலத்தில் என்னிடம் ஒரு ஜீப் இருந்தது. ராணுவத்தார் போதும் என்று கழித்துவிட்ட வண்டி, ஏலத்தில் எடுத்தேன். கூட வேலை பார்த்தவர்கள் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தபோது நான் ஜீப்பில் போய் இறங்கினேன் என்று பெருமையடித்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் அதைத் தள்ளிக்கொண்டுதான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாங்கும்போது அதற்குக் கித்தான் கூரைதான் இருந்தது. முதல் மழையிலேயே கிழிந்தது. தாராவியில் தகர வேலை செய்யும் பாய் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அளவெடுத்து இரும்புத் தகட்டில் ஒரு கூரை அடித்துக் கொடுத்தார். பக்கச் சுவர், ஜன்னல், பின்கதவு எல்லாம் சேர்ந்த ஒரே உருப்படி. பத்து போல்ட்டைக் கழற்றினால் திறந்த வண்டி, மாட்டினால் மூடிய வண்டி. கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“கழட்டுனா மல்லாக்கப் போட்டுராதிய. விளிம்பு நெளிஞ்சிருச்சின்னா அப்புறம் ஒரு ஓட்டையும் சேராது. நாலு மூலைக்கும் கட்டை குடுத்து, வண்டி மேல இருக்க மாதிரியே நிறுத்தி வச்சிருங்க.”

அதன்படியே தீபாவளி முடிந்ததும் கழற்றி, எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் செங்கல் மேல் நிறுத்தி, கோணியால் மூடி வைப்பேன். ஜூன் மாதம் மழைக்கு முன்னால் எடுத்து மாட்டுவேன். நடுவில் பூனைகள் அதற்குள் குட்டி போட்டு வளர்த்துக் காலி செய்துவிட்டுப் போயிருக்கும். இத்தனை ஒழுங்காக இருந்த நான் ஒரே ஒரு முறை அதைக் கொட்டும் மழைக்காலத்தில் கழற்றினேன். என் கல்யாணத்துக்காக.

ஆனி மாதத்தில் முகூர்த்தம். பஞ்சாங்கம் எழுதுகிறவர்கள் காவிரிக் கரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஆனியில் பம்பாய் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? மாதுங்காவில் தலைமுறையாகக் குடியிருந்து, வருடா வருடம் முழங்கால் தண்ணீரில் ஆபீஸ் போய் வந்த பெண் வீட்டாரும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாள் வைத்தார்கள். அது போதாதென்று ஜானவாசம் என்ற மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓபன் கார் வேறு.

ஓபன் கார் கேட்டது என் பெரியப்பா. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். “சீர் அது இதுன்னு நாங்க ஒண்ணும் கேக்கறதா இல்லை. ஜானவாசத்துக்கு மட்டும் திறந்த கார் இருந்தாகணும்” என்று பெண்ணின் அப்பாவுக்குக் கடிதம் எழுதி, பதிலும் கையெழுத்தோடு வாங்கி வைத்திருந்தார். ஊரிலிருந்து ரயிலில் வந்தவரைத் தாதரில் போய் ஜீப்பில் அழைத்து வந்தேன். ஏறும்போதே கூரை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். அதிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வீக்கத்தைத் தொட்டுக் காட்டி, “இவன் ஒரு தகர டப்பா வெச்சிண்டிருக்கான், பாத்தேளா?” என்று என் வண்டியின் மானத்தை வாங்கினார்.

மாதுங்காவில் சத்திரம். மாடியில் நாங்கள், கீழே பெண் வீட்டார். முதல் நாள் காலைச் சடங்குகள் முடிந்து, மத்தியானம் சாப்பிட்டு, மாடியில் எங்கள் பக்கத்தார் ஒட்டுமொத்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜீப் நனைந்து கிடக்கிறதே, நாளைக்குக் கிளம்புமோ கிளம்பாதோ என்று பார்க்க இறங்கினேன். மேனேஜர் அறையில் என் வருங்கால மாமனார் டெலிபோனைக் கட்டிக்கொண்டு நின்றார். கார்க்காரரிடம் அரை இந்தியிலும் அரை இங்கிலீஷிலும் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட குரல் மசிகிற குரலாக இல்லை. மழையில் சீட்டெல்லாம் பாழாகிவிடும், வண்டி வராது, அவ்வளவுதான். டொக்கென்று வைத்துவிட்டார்கள்.

மாமனார் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்: “கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே. இனிமே ஆயுசு பூரா இதைச் சொல்லியே அவாத்துல என் பொண்ணைக் குத்துவா.”

அந்த ‘அவா’ நான்தான் என்பது அவருக்கு மறந்து போயிருந்தது. திரும்பி என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை நாங்கள் இருவரும் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை என்ற பதவியின் மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

“மாமா, என் ஜீப் மேல இருக்கறதைக் கழட்டிட்டா அதுவும் ஓபன் கார்தான்” என்றேன்.

“உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா?”

அதுதான் விஷயம். தெரிந்தால் முதல் அவமானத்தை விட இது பெரிய அவமானம். மாப்பிள்ளை தன் வண்டியில் தன்னையே ஊர்வலம் விட்டுக்கொண்டான் என்று நாலு தலைமுறைக்குச் சொல்வார். ஆனால் பெரியப்பாவுக்குத் தெரிந்த ஜீப் என்பது அந்தக் கூரைதான். மீதி வண்டியை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. கூரை கண்ணில் படாமல் இருந்தால் போதும். சத்திரத்தில் பிள்ளை வீட்டார் கால் வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான், சமையற்கட்டு. அங்கே போனால் அவர்கள் கௌரவம் என்ன ஆவது?

ஜீப்பைத் தள்ளியே சமையற்கட்டை ஒட்டிய கொல்லைப்புறம் கொண்டுபோனோம். எஞ்சினைக் கிளப்பினால் மாடி விழித்துக்கொள்ளும். மாமனார் பஞ்சகச்சத்தோடு தள்ளினார். ஸ்பானரை நான் எடுத்ததும், “இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்டார். பாங்கில் பேனா பிடித்த கை. ஒரு பக்கம் ஐந்து அவருக்கு, இன்னொரு பக்கம் ஐந்து எனக்கு. கழற்றிய போல்ட்டையெல்லாம் ஒரு காப்பிப்பொடி டப்பாவில் எண்ணிப் போட்டார்.

ஒன்பது வந்துவிட்டது. பத்தாவது, அவர் பக்கத்தில் பின்கதவு ஓரத்தில் இருந்தது, துருப்பிடித்து அசையவில்லை. நான் இழுத்தேன், அவர் இழுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். சட்டென்று உள்ளே ஓடினார். என் மங்கள ஸ்நானத்துக்கென்று வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த நல்லெண்ணெயைக் கொண்டுவந்து போல்ட்டின் தலையில் ஊற்றினார்.

“உங்களுக்கு வேற காய்ச்சிக்கலாம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்பா போய் ஆறு வருடமாகியிருந்தது. ஒரு பெரியவரோடு சேர்ந்து ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு பேர் கையும் முழங்கை வரை கறுப்பு. கடைசியில் அது கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சுற்றியது.

தூக்குவதற்குத் தலைமைச் சமையற்காரரும் அவருடைய ஆட்கள் இருவரும் வந்தார்கள். இறக்கி வைத்ததும் ஒருவர், “இதை அப்படியே மல்லாத்தினா நறுக்கின பூசணிக்காயெல்லாம் கொட்டி வெச்சுக்கலாமே” என்று விளிம்பில் கையைக் கொடுத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் மாடி விழிக்காதது தெய்வாதீனம். பாய் சொன்னபடி நாலு மூலைக்கும் விறகுக்கட்டை கொடுத்து நிறுத்தி, மேலே வாழையிலைக் கட்டுகளை அடுக்கி மறைத்தோம். கூரை இல்லாத ஜீப்பை ஜமக்காளமும் பூச்சரமுமாக மூடி, நம்பர் பிளேட்டின் மேல் மாவிலைத் தோரணம் கட்டினோம். கட்டி முடித்துப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சாயங்காலம் கோயில் வாசலிலிருந்து ஊர்வலம். ஓட்டியவர் டாக்சி ஸ்டாண்டிலிருந்து பிடித்து வந்த ஆள். கியர் மாற்ற இரண்டு முறை க்ளட்சை மிதிக்க வேண்டும் என்ற என் வண்டியின் குணம் அவருக்குத் தெரியாது. கோட்டும் சூட்டும் மாலையுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்த நான், நாதஸ்வரம் மூச்சு வாங்கிய இடைவெளியில் எல்லாம், “டிரைவர் சாப், டபுள் க்ளட்ச், டபுள் க்ளட்ச்” என்று அவர் முதுகில் முணுமுணுத்தேன். மாப்பிள்ளை ஏதோ ஜபம் செய்கிறார் என்று பக்கத்தில் ஒரு மாமி நினைத்தாளாம்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடைகள் விரிந்தன. என் தலையில் பிடித்த குடையின் தண்ணீர் முழுவதும் என் மடியில்தான் இறங்கியது. தவில்காரர் வாத்தியத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பக்கத்தில் எந்தக் கடை வாசலில் ஒதுங்கலாம் என்று பார்த்துக்கொண்டே வாசித்தார். பெரியப்பா மட்டும் எனக்குப் பக்கத்தில் தொப்பலாக நனைந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு திருப்தியை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

“ஓபன் கார்னா இதுன்னா ஓபன் கார். உன் டப்பால ஏறியிருந்தா இதெல்லாம் தெரியுமா?” என்றார்.

சத்திரத்துக்கு வந்து இறங்கியதும் நடுங்கிக்கொண்டே காப்பி கேட்டார். வந்த காப்பி ஆறியிருந்தது. “நானே போய்க் கேக்கறேன்” என்று ஈர வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் நடந்தார். குளிர் வந்தால் கௌரவம் எங்கே இருக்கிறது? நான் மாலையோடு பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் மாமனார்.

கொல்லைக்குப் போனால் அங்கே வாழையிலைக் கட்டும் இல்லை, விறகுக்கட்டையும் இல்லை. நாங்கள் ஊர்வலத்தில் இருந்த நேரத்தில் காற்று வந்து அடுப்புக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயைக் கிழித்துவிட்டது. சமையற்காரர் பார்த்தார், என் கூரையைத் தூக்கி நாலு எண்ணெய் டிரம் மேல் நிறுத்திவிட்டார். வண்டி மேல் இருப்பது போலவே நின்றது. அடியில் காப்பி அடுப்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. பெரியப்பா நேராக அதற்கு அடியில் போனார். போகும்போது அதே விளிம்பில், அதே நெற்றியை இடித்துக்கொண்டார்.

மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியப்பா நெற்றியைத் தடவியபடி அண்ணாந்து பார்த்தார். “இதே மாதிரி எங்கயோ இடிச்சிண்டேனே” என்றார்.

சமையற்காரர் டம்ளரை நீட்டினார். “பம்பாய்ல தகரமெல்லாம் ஒரே உசரந்தான் மாமா. காப்பி சூடா இருக்கா பாருங்கோ.”

பெரியப்பா குடித்தார். அடுப்பின் சூடும் காப்பியின் சூடும் ஏற ஏற முகம் மலர்ந்தது. இன்னொரு டம்ளர் வாங்கிக்கொண்டார். கூரையை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, என் மாமனாரிடம் சொன்னார்: “மழைக்குன்னு முன்கூட்டியே ஷெட்டெல்லாம் போட்டு வெச்சிருக்கீரே. ஏற்பாடுன்னா இப்படித்தான் இருக்கணும்.”

மாமனார் கைகூப்பினார். கையை விரித்தால் கறுப்பு தெரிந்துவிடும் என்று கூப்பியபடியே நின்றார்.

அந்தக் கூரை உள்பக்கம் முழுக்கக் கரியேறித்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மாட்டியபோது பத்து ஓட்டையும் பிசகாமல் சேர்ந்தன. பாய் சொன்னதைக் கேட்டதற்குப் பலன். வண்டியை விற்கிற வரை, மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே லேசாகக் காப்பி வாசனை வரும்.

ஆனால் கையிலிருந்த கறுப்பு போகவில்லை. மண்ணெண்ணெய், புளி, சாம்பல், சீயக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். தோல் வெளுத்தது, நகக்கண் வெளுக்கவில்லை. மறுநாள் காலையில் மணையில் உட்கார்ந்தபோது விரல்களை மடக்கியே வைத்திருந்தேன். எதிரே மாமனாரும் மடக்கியே வைத்திருந்தார்.

அவர் மடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரே பெண். விடியற்காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அப்பாவை விட்டுவிட்டு, பத்து வார்த்தைக்கு மேல் அவரோடு பேசாத ஒருவன் வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சாஸ்திரிகள் சொன்னதும் மாமனார் அவள் கையை எடுத்து என் கையில் வைத்தார். இனி விரலை மடக்க முடியாது. மாமியார் செம்பிலிருந்து தண்ணீர் விட்டார். தண்ணீர் மூன்று கைகள் மேலும் வழிந்தது.

அவள் குனிந்திருந்ததால் வேறெதுவும் அவள் கண்ணில் பட்டிருக்காது. அப்பாவின் நகங்களைப் பார்த்தாள். என் நகங்களைப் பார்த்தாள். மறுபடியும் அப்பாவின் நகங்கள். அழுகை நின்றது.

“என்ன பண்ணினேள் ரெண்டு பேரும்?” என்றாள், எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கும்படி. அதுதான் கல்யாண மேடையில் அவள் பேசிய முதல் பேச்சு.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே, வரும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை விலகியது. அவள் கை என் கையில் இருந்தது. கட்டைவிரலால் என் நகத்துக் கறுப்பைத் தேய்த்துப் பார்த்தாள். போகாது என்று தெரிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.