காலையில் வந்த சாவுச் செய்தி

சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதுதான் அவள் பிழைப்பு. அதனால் தெருவே அவளைக் காஜா அக்கா என்று கூப்பிட்டது. சின்ன வயதில் ஒரு தையல் கடையின் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள், பிள்ளை பெற்றது, கட்டியவன் ஓடிப்போனது எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து தாங்கினாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி எதிர்ச்சாரியில் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரி, மற்றவள் டீக்கடைக்காரி. டீக்கடைக்காரியின் கணவனுக்குக் கால் முறிந்தபோது மற்ற இருவரும்தான் முறைவைத்துக் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். இஸ்திரிக்காரி போட்ட டீயைக் குடித்தவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

தையல் கடையில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடியும்வரை எல்லோருடைய கைபேசியும் முதலாளியின் டிராயரில் கிடக்க வேண்டும். ஒரு நாள் காலை காஜா அக்காவின் கைபேசி அடிக்க, முதலாளி எடுத்தார். ஊரிலிருந்து அவள் தம்பி. அம்மா போய்விட்டாள் என்று அழுதான்.

அன்று மாலைக்குள் பள்ளிக்கூடச் சீருடை போயாக வேண்டும். முதலாளி டிராயரை மூடினார். அவள் கடைசிச் சட்டையையும் முடித்துக் கொடுத்த பிறகுதான், இப்போதுதான் தகவல் வந்தது போல விஷயத்தைச் சொன்னார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "காலையிலேயே உங்க முதலாளிகிட்ட சொன்னேனேக்கா" என்றான் தம்பி. பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக்கூட அந்தப் பாவிக்குக் கொடுத்து வைக்கவில்லை.

திரும்பி வந்தவள் அழவில்லை. சிநேகிதிகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த ஆள் என் வாசல்ல வந்து உக்காரணும். நாலு பேர் முன்னாடி உண்மையச் சொல்லணும்."

டீக்கடைக்காரி கேள்வி கேட்காமல் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்து ஒரு பழைய மெஷின் வந்தது. இஸ்திரிக்காரி தன் கொட்டகையில் பாதியை ஒழித்துத் தந்தாள். முதலாளி தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில் காஜா கடை எழுந்தது.

தெருவின் மற்ற தையல்காரர்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். முதலாளியின் கடையில் புதிதாக வந்தவன் போட்ட துளையில் பொத்தான் நிற்கவில்லை, மூச்சை இழுத்தால் சட்டை திறந்துகொண்டது. ஒரு பெரிய ஓட்டல்காரர் சீருடைகளைத் திருப்பி வீசியதும் முதலாளிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அடுத்து தைத்த சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தானே தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

இஸ்திரிக்காரி காதோரம் வந்து, துளையை மாற்றுப் பக்கத்தில் போட்டுவிடச் சொன்னாள். ஆண்கள் சட்டையில் வலது பக்கம் துளை விழுந்தால் துணியோடு சேர்த்து எல்லாம் போச்சு.

"போடி. கெட்டுப்போறது என் கைவேலை" என்று சொல்லிவிட்டு, காஜா அக்கா முதலாளியை வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். அங்கே ஏற்கனவே நாலு பேர் காத்திருந்தார்கள்.

"என் தம்பி எப்ப போன் பண்ணான், சார்?"

அவர் தரையைப் பார்த்தார். "காலைலம்மா."

"எங்கிட்ட எப்ப சொன்னீங்க?"

"சாயங்காலம்."

"ஏன்?"

"சீருடை போகணும்னு…"

பெஞ்சில் இருந்தவர்கள் அவரை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் மெஷினை ஓடவிட்டாள். ஒரு துளைகூடப் பிசகவில்லை. மூட்டையை வாங்கும்போது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் முனகினார்.

"நூலுக்குத் தனிக் காசு" என்றாள் காஜா அக்கா.

அவர் போனதும், டீ கொடுக்க வந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த டீக்கடைக்காரிக்கு மனம் இளகிவிட்டது. "விட்டுடேன்க்கா. ஆளு கூனிக்குறுகிட்டான்."

"எங்கம்மா மொகம் திரும்பி வருமாடி?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓட்டல் வேலை மாசாமாசம் உண்டாம். மாசாமாசம் வரட்டும்."

இஸ்திரிக்காரி எழுந்து, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சை வெயில் விழும் பக்கமாக இழுத்துப் போட்டாள்.