மெக்சிகோவுக்காக அடித்த மாரியம்மன் கோயில் மணி

நாலு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் மாதம். சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். அப்போது தங்கியிருந்தவள் ஒரு மெக்சிகோ நாட்டுப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள். எனக்கும் வாய் கொஞ்சநஞ்சமில்லை, அரைகுறை இங்கிலீஷிலேயே ஒட்டிக்கொண்டோம்.

பதினைந்தாம் தேதி அவள் முகமே சரியில்லை. மறுநாள் அவர்கள் நாட்டுச் சுதந்திர தினமாம். அந்தக் காலத்தில் ஒரு பாதிரியார் விடியற்காலையில் சர்ச் மணியை அடித்து, ஸ்பெயின்காரன் ஆட்சிக்கு எதிராக ஜனங்களைத் திரட்டினாராம். அதன் நினைவாக வருடா வருடம் மணியடித்து, நாடு வாழ்க என்று கத்துவார்களாம். எங்கள் மாரியம்மன் கோயில் மணியை ஒரு தடவை அடிக்கலாமா என்று கேட்டாள்.

எங்கள் லயத்தில் பூஜை இல்லாத நேரத்தில் மணி அடித்தால், யானை வந்திருக்கிறது, வெளியே வராதே என்று அர்த்தம். அதைச் சொன்னதும் பாவம், சுருங்கிப்போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கோயில் கமிட்டியில் சம்மதம் வாங்கி, "காலைல மணிச் சத்தம் கேட்டா பயப்படாதீய, நம்ம விருந்தாளிதான்" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தேன். கீழ் லயத்திலிருக்கும் என் மதினி, அண்ணன் மனைவி, கேசரி கிண்டிக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

விடிந்ததும் அந்தப் பெண் மணியடித்துக் கத்த, எல்லோரும் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். மூடுபனி லேசாக விலகியபோதுதான் பார்த்தேன். கீழே செடிகளுக்கு நடுவே ஒரு கொம்பன் யானை. அதை நோக்கி, பாதை வளைவுக்கு அந்தப் பக்கம், யானை கண்ணில் படாமல், தூக்குவாளியோடு மதினி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

ஓடிப்போய் மணியை அடித்தேன். கைதட்டல்தான் கூடியது. விசேஷம் முடிந்துவிடுமோ என்று மதினி இன்னும் வேகமாக நடந்தாள். நான் தொண்டை கிழியக் கத்தியது பக்கத்து வீடுகளுக்குத்தான் எட்டியது. யானை நின்ற பக்கம் கையை நீட்டிக் காட்டினேன்.

அந்தப் பெண் என் கை காட்டிய திசையைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் செடிகளுக்குள் புகுந்து, விழுந்து எழுந்து, சரிவில் நேராக ஓடினாள். மதினியின் கையைப் பிடித்து இழுத்து, அருகிலிருந்த வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். யானை வளைவு திரும்பி வந்து, கீழே கிடந்த கேசரியை முகர்ந்துவிட்டுத் தன் போக்கில் போனது.

யானை போனதும் மதினி வெளியே வந்தாள். பிறகு சொன்னாள்: "கையப் புடிச்சு இழுக்கவும், ஆடக் கூப்புடுதான்னுல்லா நெனச்சேன்." நான் சிரித்தேன், பிறகு மதினியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போதும் அந்த நாளில் அந்த மெக்சிகோப் பெண் தவறாமல் வீடியோவில் கூப்பிடுகிறாள். அவள் நாட்டுக்கு அது விடுதலை நாள், எங்கள் வீட்டில் மதினி பிழைத்த நாள்.