மேசையின் வலது பக்கத்துத் தாள்

என் மனைவி கடல் கடந்த ஓர் ஊரில் முதியோர் இல்லச் செவிலி. நான் இங்கே மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் அவளுடன் சென்றிருக்க வேண்டியவன். குடும்ப விசாவுக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும், திருமணச் சான்றின் மொழிபெயர்ப்பு இணைக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இணைத்ததற்கான ஒப்புகைச் சீட்டுகள் தேதிவாரியாக என் கோப்பில் உள்ளன. அவற்றின் நகலோடு எழுதிய ஐந்து கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அவளுடைய மூன்றாண்டு ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்பதா, திரும்பி வருவதா என்று இரண்டு முறை என்னிடம் கேட்டாள். இரண்டு முறையும் "உன் இஷ்டம்" என்றேன். அவள் பிழைப்பில் குறுக்கே நிற்கக் கூடாது என்று எண்ணிச் சொன்னது அது. வா என்று சொல்லத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கிண்ணமோ ஜாடியோ கடைவதற்கு முன் அதைக் கணினியில் வரைந்து பார்க்கும் மென்பொருள் ஒன்றை நானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தேன். அதில் ஏழு மரங்களின் ரேகைப் படங்கள்தான் உண்டு. எட்டாவதை நாமே படமெடுத்துச் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்த அன்றே அவளை அழைத்தேன். அவள் கைபடும் மரங்கள் என் திரையில் சுழல வேண்டும் என்று ஆசை.

"நேரா மேலேருந்து எடு. ஃப்ளாஷ் வேண்டாம். முக்கியமா, உன் நிழல் விழக் கூடாது."

"பொண்டாட்டி நிழல்கூட ஆகாது, பலகை மட்டும் போதுமாக்கும்! நல்லா இருக்குங்க உங்க குடித்தனம்."

"அதுக்கில்ல. அந்தப் படத்தையே திரும்பத் திரும்ப ஒட்டித்தான் கிண்ணத்தச் சுத்தும். நிழல் விழுந்தா எட்டு எடத்துல கறுப்பா தெரியும்."

"தெரியட்டுமே. ஒண்ணுக்கே ஏங்குற ஆளுக்கு எட்டு பொண்டாட்டி கசக்குதா?"

பேருந்து நிறுத்தத்து பெஞ்சு, விடுதி அறைக் கதவு, கட்டிலின் தலைப்பலகை என ஒவ்வொன்றாக வந்தன. படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் பொருந்தாவிட்டால் கிண்ணத்தின் மேல் தையல் விழுந்ததுபோல் கோடு தெரியும். அதை நீக்க ஒரு படத்துக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அவள் தினமும் திறந்து மூடும் கதவு, என் மேசையில் ஒரு ஜாடியாகச் சுழன்றது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

சென்ற வாரம் அவள் அறை மேசையின் படம் வந்தது. இடது பாதியில் ரேகை நீரோட்டம்போல் வளைந்து சென்றது. வலது பாதியை ஒரு தாள் மறைத்திருந்தது. "ரேகை அருமை. தாளை எடுத்துவிட்டு மறுபடி எடு" என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. வேலை மிகுதி என்று நினைத்து, இடது பாதியை மட்டும் வெட்டி, ஓரம் இணைத்து, மென்பொருளில் சேர்த்து, சுழலும் கிண்ணத்தை அவளுக்கும் அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள், மூலப் படத்துக்குப் பெயரிட்டுச் சேமிப்பதற்காக அதை முழு அளவில் திறந்தேன். தாளின் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. பணி நீட்டிப்பு ஒப்பந்தம். அவள் பெயர் அச்சாகியிருந்தது. கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

உடனே அழைத்தேன்.

"எடுக்கச் சொன்னீங்களே, அந்தத் தாள எங்க கொண்டுபோய் வைக்கட்டும்? கையெழுத்துப் போட்டு ஆபீஸ்லயா?"

"சத்தியமா படிக்கலம்மா. ரேகையத்தான் பாத்தேன்."

"தெரியும். அதான் மூணாவது தடவை வாய்விட்டுக் கேக்காம மேசை மேல வெச்சேன். அதையும் வெட்டிட்டீங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"உன்" என்று தொடங்கிய நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கையெழுத்துப் போடாத. வந்துடு."

அவள் பக்கம் துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தும் ஓசை கேட்டது.

"இதச் சொல்ல மூணு வருஷமா உங்களுக்கு?"

"விசா கிடைச்சுடும்னு..."

"விசாவா கேட்டேன் நான்?" என்றாள்.

ஒப்பந்தம் முடிந்தாலும், மாற்று ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை இன்னும் எட்டு வாரம் அவள் அங்கே இருந்தாக வேண்டுமாம். அன்று உளியைக் கையில் எடுக்கவே முடியவில்லை. திரையில் மேசை மரத்துக் கிண்ணம் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் அசல் பலகையில் முழங்கையை ஊன்றி, இன்னும் எட்டு வாரம் அவள் தனியாகச் சாப்பிடுவாள்.