லாரியின் பின்பக்கத்தை இறக்கிய கதை

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் நான் தென்காசியில் ஒரு பழைய லாரி வாங்கினேன். அப்போது எனக்கு முப்பது வயது. ஊரில் லாரி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அந்தக் கணக்கில் நானும் சேர்ந்துவிட்டேன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

வண்டியில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பாரம் இல்லாமல் நிற்கும்போது முன்பக்கம் தணிந்தும் பின்பக்கம் தூக்கியும் இருக்கும். ஒருநாள் என் மனைவியின் தம்பி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், தண்ணி குடிக்கப் போற மாடு மாதிரி தலையத் தொங்கப்போட்டு நிக்குது?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் போய்த் தைத்துவிட்டது.

மறுநாளே வண்டியை ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோனேன். பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டையைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தணிக்கச் சொன்னேன். ஆசாரி தயங்கினார். என் டிரைவர் நேராகவே சொன்னார். என் வயதுக்காரர், மலைப்பாதையில் பத்து வருஷம் ஓட்டினவர்.

"வேண்டாம் மொதலாளி. வெறும் வண்டி அப்படித்தான் நிக்கும். பாரம் ஏறினா பின்னால அமுங்கிச் சமமாயிரும். அதுக்குன்னுதான் தூக்கி வச்சிருக்கான். இப்பவே சமமாக்கினா, பாரம் ஏறும்போது முன்பக்கம் மேல போயிரும். வளைவுல ஸ்டியரிங் பிடிக்காது."

வண்டி யாருடையது என்று கேட்டேன். அவர் தள்ளி நின்றார். சாயங்காலம் வண்டி மட்டமாக, பார்க்க அழகாக நின்றது. அதைக் கடைத்தெரு வழியாக இரண்டு தடவை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

அந்த வாரமே ஆலங்குளத்திலிருந்து வெங்காயம் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூடைகள் ஏறியதும் பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் இறங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். பத்து மூடையாவது இறக்கிவிடலாம் என்றார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை. "மெதுவாப் போம், ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன்.

புளியறை தாண்டி ஏற்றம் தொடங்கியது. சாரல் விழுந்து பாதை நனைந்திருந்தது. இரண்டாவது வளைவில் அவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். வண்டி திரும்பவில்லை, நேராகப் போய் மலைச்சரிவில் மோதிச் சாய்ந்தது. எனக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும். அவருடைய வலது கை கதவுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

செக்போஸ்டிலிருந்து போலீஸ்காரர் ஒருவர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். டிரைவர் பாதையோரம் கையைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் பத்தடி தூரம்கூட இல்லை.

"வேகமா வந்துட்டாரு. நான் சொல்லியும் கேக்கல" என்றேன்.

அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. யோசிக்காமலே வாயில் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கை எலும்பு கூடியது, ஆனால் கை மடங்கவில்லை. கவனமில்லாதவர் என்ற பேரும் சேர்ந்துகொண்டதால் கிளீனர் வேலைக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. வண்டியைப் பழுதுபார்த்த ஆசாரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பட்டைய மறுபடி மாட்டிரவா மொதலாளி?" சரி என்று தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து டிரைவர் வீட்டுக்குப் போனேன். மூடை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்க வரும்படி கூப்பிட்டேன். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"வேலை வேண்டாம் மொதலாளி" என்றார். "கை போனா போவுது. நான் வேகமா ஓட்டலன்னு ஸ்டாண்டுல நாலு பேருட்ட சொல்லுங்க. அது போதும்."

சொல்கிறேன் என்றேன். மறுநாள் லாரி ஸ்டாண்டில் எல்லாரும் இருந்தார்கள். வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "அன்னைக்கு வண்டியிலயும் கொஞ்சம் கோளாறு இருந்துது" என்பதுதான். யார் செய்த கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவர் புளியறையில் சாயாக்கடை போட்டார். மலைக்குப் போகிற லாரிகளெல்லாம் அங்கேதான் நிற்கும். என் லாரியும் நிற்கும். நான் போகிற நாட்களில் இறங்காமல், துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் என் புது டிரைவர் கையில் எனக்கு ஒரு கிளாஸ் சாயா கொடுத்தனுப்புவார். நான் அதைக் குடித்துவிட்டு, கிளாசை அந்த டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்புவேன்.