கொளஞ்சியம்மாள் பார்த்த ஜப்பான் பேய்க்கதை

கொளஞ்சியம்மாளும் நானும் மரக்காணம் உப்பளத்தில் ஒன்றாகக் கூடை தூக்குகிறவர்கள். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பாள். திரௌபதி அம்மனுக்குத் தீ மிதித்தவள்.

அவள் மகள் ஜெயப்ரியா புதுச்சேரியில் காலேஜ் படிக்கிறாள். போன சித்திரையில் அந்தப் பெண் வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்று, விரல்களைப் பின்னிப் பின்னிப் பிரித்து, புரியாத பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பாவாடை என்கிற தாய்மாமன் அதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, பொண்ண பேய் புடிச்சிருக்குது. அமாவாசைக்கு பூசாரிகிட்ட இட்டுனு போயிடலாம்."

"ஐயோ மாமா, அது அனிமே! ஜப்பான் பொம்மைப் படம். அதுல வர்ற பொண்ணு பேயக் கட்டறதுக்கு அப்படித்தான் கை வெப்பா."

"பாத்தியாக்கா? பேய்னு அதுவே சொல்லுது."

அந்தப் பூசாரி முடியைப் பிடித்து இழுத்து வேப்பிலையால் அடிக்கிறவர். பேய் பிடித்தவள் என்று பேர் வந்துவிட்டால் அந்தப் பெண் எந்த முகத்தோடு காலேஜ் பஸ் ஏறும்?

"மொதல்ல அது இன்னான்னு நான் பாக்கறேன்" என்றாள் கொளஞ்சி.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் படம் பார்க்க உட்கார்ந்தோம். என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். முதலில் மகளின் போனுக்குத் திருநீறு வைத்தாள். படத்துக்குக் கீழே ஓடிய தமிழ் எழுத்தை ஜெயப்ரியா படித்துச் சொன்னாள்.

"கண்ணு இன்னாடி, தட்டாட்டம் பெருசா இருக்குது? முடி ஏன் நீலமா இருக்குது? துணி முழங்காலுக்கு மேல ஏறிக் கெடக்குதே, இவளுக்கு அம்மா இல்லியா?"

"செத்துட்டாங்கம்மா."

அதற்குப் பிறகு கொளஞ்சி துணியைப் பற்றிப் பேசவில்லை.

எல்லார் காலையும் உற்றுப் பார்த்தாள். தரையில் கால் படாமல் வருவதுதான் பேய் என்பது நம் ஊர்க் கணக்கு. நீலமுடிக்காரி கூரைக்குக் கூரை பறந்ததும், "இவதான் பேய்" என்றாள்.

"அவதாம்மா ஹீரோயின்!"

பேயோ செருப்புப் போட்டுக்கொண்டு நன்றாக நடந்து வந்தது. ஆற்றில் மூழ்கிச் செத்த படகுக்காரன் ஆவி அது. நீலமுடிக்காரியின் கூட்டாளிகள் கத்தியை உருவினார்கள். அந்தப் பெண் அவர்களைத் தடுத்து, விரலைப் பின்னி, "உனக்கு என்ன குறை?" என்று கேட்டாள். தனக்கு யாரும் சோறு வைக்கவில்லை என்றது ஆவி. கரையில் சோறு வைத்தாள். போய்விட்டது.

கொளஞ்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடிக்கவே இல்லியேடி. கேட்டாளே." பிறகு மகளைப் பார்த்தாள். "உனக்கு இன்னா கொறை?"

"மாமாதாம்மா."

நான் சிரித்துவிட்டேன். கொளஞ்சி சிரிக்கவில்லை. "அடுத்தது போடு" என்றாள். அமாவாசை வரைக்கும் தினமும் பார்த்தாள்.

அன்றைக்குப் பாவாடை ஆட்டோவோடு வந்து நின்றார். கொளஞ்சி வெளியே வந்து, தானே ஏறி உட்கார்ந்தாள்.

"நீ ஏங்க்கா ஏர்ற? அவளக் கூப்புடு."

"அந்தப் படத்தப் பாத்து அவளப் பேய் புடிச்சிருந்தா என்னையும் புடிச்சிருக்கும். நானும் பாத்துட்டேன். என்னை அடிக்கச் சொல்லு. பூசாரிக்குக் கை வலிச்சா நீ அடி."

"வெளயாடாதக்கா. ஜனங்க பாக்குது."

"பாக்கட்டும்."

ஆட்டோக்காரர் கலையரசன் திரும்பிப் பார்த்தார். "ஏம்பா, யாரு பேஷண்ட்டு? சொன்னா வண்டிய எடுப்பேன்."

பாவாடை காலால் மணலைக் கிளறினார். "சரிக்கா, எறங்கு. போகல."

"பூசாரிக்குப் போன் போட்டுச் சொல்லு. என் பொண்ணு காதுல வுழணும்."

ஜெயப்ரியா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பாவாடை போனை எடுத்தார்.

"சாமி, நாங்க வரலீங்க... இல்லீங்க, பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

அதைக் கேட்ட பிறகுதான் கொளஞ்சி ஆட்டோவை விட்டு இறங்கினாள்.