ஆற்றைக் கடந்த இளவரசன்

முப்பத்திரண்டு வருட டைரிகள் என் பீரோவின் மேல் தட்டில் வரிசையாக நிற்கின்றன. எந்த நாளில் எந்த நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்தது, எந்த நாளில் மழைக்குக் கரண்ட் போனது என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டுவேன். பார்க்காததை எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஒரே ஒரு பதிவு மட்டும் விலக்கு. அது ஒரு கறுப்பு வெள்ளை ராஜா ராணிப் படத்தைப் பற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படத்தை என் மனைவியும் மகளும் நெட்டில் தேடி டிவியில் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் நான் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் ஆபரேட்டர். காலை எட்டு மணிக்கு மெஷினை ஒப்படைத்துவிட்டு, ஞாயிறுகளில் எங்களில் பலர் நேராகப் பழைய படம் ஓடும் காலைக் காட்சிக்குப் போய்விடுவோம். ஆறு பேர் தங்கிய எங்கள் அறைக்குத் தகரக் கூரை. தியேட்டரில் ஃபேன் இருந்தது, இருட்டு இருந்தது. படம் பார்க்கத்தான் போவோம். ஆனால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

அந்தப் படம் ஓடிய ஞாயிறு, இடைவேளை தாண்டியும் நன்றாகத்தான் பார்த்தேன். இளவரசன் மாறுவேடத்தில் ஆற்றங்கரைக்கு வருகிறான், எதிரி நாட்டுத் தளபதியின் மகளைப் பார்க்கிறான், இருவரும் விரும்புகிறார்கள். தளபதி மகளைக் கோட்டைக்குள் அடைக்கிறார். இரும்புக் கதவு மூடியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, கூட்டிப் பெருக்குகிற அம்மாள் துடைப்பக் கட்டையால் என் காலைத் தட்டியது. அன்றைய டைரியில், "படம் முழுதும் பார்த்தேன். நன்று" என்று எழுதினேன். தூங்கியதை எழுத வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது, செக்கிங் டேபிளில் இருந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள். பொங்கலூர்ப் பக்கத்துப் பெண். தோழிகளோடு அவளும் அதே காட்சிக்கு வந்திருந்தாள். மதியம் டியூட்டி இருந்ததால் கதவு மூடிய இடத்தில் எழுந்து போய்விட்டார்களாம். போகும்போது நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

"கடைசீல என்னாச்சுங்க?"

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. தூங்கிவிட்டேன் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் சொன்னேன். இளவரசன் கிரீடத்தைக் கழற்றிப் படகில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து தனியாக வந்து கோட்டை வாசலில் நிற்பான்; அதைப் பார்த்துத் தளபதி கதவைத் திறந்துவிடுவார். அவள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறு வருடம் எங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனார்கள். நைட் ஷிப்ட் ஆள், காடு தோட்டம் இல்லை என்று அவளுடைய அப்பா யோசித்தார். பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை என்று அவரிடம் அவள் சொன்னாளாம். ஒரு படத்தைச் செருப்பு முதற்கொண்டு சொன்னவன், மற்றதிலும் சரியாகத்தான் இருப்பான் என்பது அவள் கணக்கு. கல்யாணத்துக்குப் பிறகு இதை அவளே சொன்னாள். அன்றிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. எங்கள் மகள் அந்தச் செருப்புக் கதையைக் கேட்டுத்தான் சோறு சாப்பிட்டு வளர்ந்தாள்.

போன ஞாயிறு, பழைய படம், மெதுவாகப் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. இரும்புக் கதவு மூடியது. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் முதல் தடவையாகப் பார்த்தேன். யானை வந்து கதவை உடைத்தது. படிக்கட்டில் கத்திச் சண்டை நடந்தது. தளபதி ஒரே வசனத்தில் மனம் மாறினார். பட்டாபிஷேகம், பூமழை, சுபம். ஆறு திரும்ப வரவே இல்லை.

"இது முழுப் படம் இல்ல கண்ணு. நல்ல சீனை வெட்டிப் போட்டுட்டாங்க" என்றாள் மனைவி மகளிடம்.

மகளுக்கும் கோபம். படத்துக்குக் கீழே கமெண்ட் போடலாம் என்று போனை எடுத்தாள். அம்மா சொல்லச் சொல்ல டைப் செய்தாள். இளவரசன் செருப்போடு ஆற்றைத் தாண்டும் காட்சி இல்லை, முழுப் படத்தைப் போடவும். அதோடு மனைவி நிறுத்தியிருக்கலாம். "எங்க ஊட்டுக்காரர் தியேட்டர்லயே பார்த்திருக்காருன்னு சேர்த்துப் போடு" என்றாள்.

என் பேரில் சாட்சி போவதை நான் விட முடியாது. "அனுப்பாதே" என்றேன். டைரியை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தூங்கியதை, துடைப்பக் கட்டையை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. எழுந்து போய் டம்ளர்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். "எங்கப்பாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

திரும்பி வந்து வேறொன்று கேட்டாள். "ஏனுங்க, அந்தச் செருப்பு எங்கிருந்து வந்துச்சு?"

"அது என்னுது அம்மணி. தியேட்டர்ல வார் அறுந்து போச்சு. கையில எடுத்துக்கிட்டுத்தான் நொய்யல் ஆத்தைத் தாண்டி ரூமுக்குப் போனேன்."

"தண்ணி இருந்துச்சா?"

"முழங்கால் அளவு."

இப்போது அவள் ஒரு கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். பழுது இருக்கிற இடத்தைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒன்றைக் கிழித்து, "முழுதும் பார்த்தேன்" என்ற வரியைக் காட்டி ஒட்டினாள்.

"ரிஜெக்ட்டா?" என்றேன்.

"ஆல்ட்டர். சரி பண்ணிக் கொண்டாங்க."

அந்த வரிக்குக் கீழே போன ஞாயிறின் தேதி போட்டு எழுதினேன்: "மேற்கண்டது தவறு. இடைவேளைக்குப் பின், இரும்புக் கதவு மூடியதும் தூங்கிவிட்டேன். முடிவை நானே சொன்னேன். செருப்பும் ஆறும் மட்டும் உண்மை." ஸ்டிக்கரை ஒட்டியவர்தான் மறுபடி பார்த்து எடுக்க வேண்டும், அது செக்கிங் விதி. டைரியை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள்.

"கொறட்டை விட்டதை எழுதலியேங்க."

வாங்கிச் சேர்த்தேன்: "குறட்டை விட்டிருக்கலாம். உறுதியாகத் தெரியவில்லை."

அதன் பிறகே ஸ்டிக்கரை உரித்தாள்.