குகைக் கல்லுக்குக் கற்பூரம் ஏத்தினேன்

இன்னைக்கு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இருக்கிற பூங்காவுக்குக் குடும்பத்தோட போனோம். பிள்ளைங்க ஊஞ்சல் ஆடி முடிச்சதும், ஆதி மனுசங்க வாழ்ந்த குகையைப் பார்க்க மேலே ஏறினோம்.

குகை வாசல்ல குழி விழுந்த கல் ஒன்னு. சுத்திக் கயிறு கட்டியிருந்தாங்க. நம்ம தேயிலைத் தோட்டத்துல கயிறு கட்டின கல்லுன்னா சாமிதானே? செருப்பைக் கழட்டிட்டு, பையில எப்பவும் வச்சிருக்கிற கற்பூரத்தைப் பயபக்தியா ஏத்திட்டேன்.

காவல்காரர் ஓடி வந்து ஊதி அணைச்சார். "அது அந்தக் காலத்து ஆளுங்க கொட்டை உடைச்ச கல்லு! போர்டைப் பார்க்கலையா?"ன்னு சிங்களத்துல சத்தம் போட்டார்.

"தப்புதான் மாத்தயா, மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போர்டைப் பார்த்தேன். சிங்களமும் இங்கிலீஷும் மட்டும்தான். நான் சிங்களம் நல்லாப் பேசுவேன், வாசிக்க வராது. இங்கிலீஷ் அதைவிட மோசம்.

"தமிழ் எங்க மாத்தயா?"

"தமிழ் ஆளுங்க இதெல்லாம் பார்க்க வர்றதில்லையே."

"அப்ப கற்பூரம் ஏத்தினது யாரு?"

என் சம்சாரம் தலையில அடிச்சுக்கிட்டா.

ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் மட்டும் போர்டை விட்டு நகரல. "அப்பா, என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. அதுதான் சுட்டது.

கீழே வந்து, வாசல்ல டிக்கெட் கொடுக்கிறவர்கிட்ட பார்வையாளர் கருத்து எழுதுற புத்தகத்தைக் கேட்டேன். "சிங்களத்துல, இல்லாட்டி இங்கிலீஷ்ல எழுதுங்க. தமிழ் வாசிக்க இங்க ஆள் இல்லை"ன்னார்.

ஒரு பக்கம் முழுக்கத் தமிழ்ல எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாசிக்க ஆள் தேடட்டும்.

அடுத்த பக்கம் காலியாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க யாராச்சும் இருக்கீங்களா?